இசைக்கு உருவம் தந்த எளியோர்



முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மாணவர் செய்த பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்துக் காட்டுவது எங்கள் தொழில். இன்றோ என் பிழை ஒன்றையே உங்கள்முன் சுழித்துக் காட்ட வந்துள்ளேன்.

2007-ஆம் ஆண்டில் ஒரு நாள், பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் என் அறை வாயிலில் வந்து நின்றான். தானும் நண்பர் இருவரும் ஒரு பாட்டுக்கு மெட்டு அமைத்திருப்பதாகவும், உறவினரிடம் இரவல் பெற்ற சிறு வீடியோ காமிராவால் அதைப் படமாக்க விரும்புவதாகவும் கூறினான். சனிக்கிழமை அரை நாள் மட்டும் பள்ளியின் மாடிப்படியும் நீண்ட தாழ்வாரமும் வேண்டும் என்றான். “படம் எடுப்பது பணம் படைத்தவர் தொழில் அப்பா! உன்னிடம் விளக்கு உண்டா? ஆள் உண்டா? கைப்பொருள் உண்டா? போய்ப் பாடத்தைப் படி” என்றேன். அவன் மறுமொழி கூறாது வணங்கிச் சென்றான். அதன்பின் அதைப்பற்றி அவன் வாய் திறக்கவே இல்லை.

ஓய்வு பெற்றபின் இசைப்படத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்கும் வாய்ப்புக் கிட்டியது. நீங்கள் ‘மியூசிக் வீடியோ’ என்று வழங்குவதையே இசைப்படம் என்கிறேன். படிக்கப் படிக்க, அன்று நான் இறுத்த விடை வரலாற்றுக்கு முற்றும் மாறானது என்பது தெளிவாயிற்று. எவ்வாறு என்று சொல்லுகிறேன், கேளுங்கள்.

முதலில் ஒரு சிறு கணக்கு. பேசும் படத்தின் சுருளில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. மூன்று நிமிடப் பாட்டுக்கு 4,320 படங்கள் வேண்டும். நிமிடத்துக்கு 120 தட்டு விழும் பாட்டானால், 12 படங்களுக்கு ஒரு தட்டு விழும். ஆகவே இசைப்படம் எடுப்பவன் பாட்டை முன்னரே அளந்து கொள்ளலாம். மேலும், பாட்டு முன்பே பதிவாகி இருத்தலால், படம் எடுக்கும் இடத்தில் ஒலியைப் பதிய வேண்டுவதில்லை. தெருவில் வண்டி ஓடினால் என்ன, காகம் கரைந்தால் என்ன? பதிவான பாட்டை ஒலிக்கச் செய்து, அதற்கேற்ப வாயசைத்தாற் போதும். கதைப்படத்துக்கு இல்லாத இச்சலுகையே எளியோர்க்கு இத்துறையின் கதவைத் திறந்து வைத்தது.

அக்கதவில் முதலில் நுழைந்தோருள் ஒருவர் ஜெர்மானியரான ஆஸ்கர் ஃபிஷிங்கர். 1929-ஆம் ஆண்டையடுத்துப் பெர்லின் நகரில் அவர் வரிசையாகச் சில சிறு படங்களைச் செய்தார். அவற்றில் நடிகர் இல்லை, அரங்கம் இல்லை, கதையும் இல்லை. வெள்ளைத் தாளில் கரித்துண்டால் கோடுகளும் வளைவுகளும் வரைந்து, ஒவ்வொரு தாளாகப் படம் பிடித்தார். திரையில் அவை கருமைமீது வெண்மையாய்த் தோன்றி, கிராமபோன் இசைத்தட்டின் ஒலிக்கு இயைய ஓடின, துள்ளின, மறைந்தன. சிலவற்றின் இறுதியில் அவ்விசைத்தட்டுக்கு விளம்பரமும் இருந்தது. பிராம்ஸ் என்னும் இசைமேதையின் ஐந்தாம் ஹங்கேரிய நடனத்துக்கு அவர் 1931-இல் உருவம் தந்த படம் இன்றும் போற்றப்படுகிறது. மூலப்பொருள் தாளும் கரியுமே, முதலீடு பொறுமை. உருவமற்ற இத்தகைய ஓவியக் கலையை நாஜி ஆட்சி வெறுத்தது. 1936-இல் அவர் தாய்நாட்டை விட்டு அமெரிக்கா செல்ல நேர்ந்தது.

ஃபிஷிங்கருக்குக் காமிராவாவது இருந்தது. காமிராவே இன்றிப் படம் எடுக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர் லென் லை. 1901-இல் நியூஸிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் பிறந்து, 1926-இல் லண்டன் சேர்ந்தவர் அவர். படச்சுருளின்மீதே தூரிகையால் வண்ணம் தீட்டினார். சீப்பு முதலியவற்றால் கீறிக் கோலமிட்டார். அச்சுருளை ஓட்டினால், கோலங்கள் இசைக்கேற்ப நடனமாடின. பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் படப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய ஜான் கிரியர்சன் இம்முறையின் அருமையை உணர்ந்தார். அப்பிரிவின் ஆதரவில் 1935-இல் ‘ஏ கலர் பாக்ஸ்’ என்னும் படம் வெளிவந்தது. கியூபா நாட்டு நடன இசையில் வண்ணங்கள் துள்ளிக்கொண்டிருக்க, நடுவே பார்சல் கட்டணம் குறித்த எழுத்துகள் தோன்றும். அஞ்சல் விளம்பரமும் கலையாயிற்று! அவ்வாண்டு பிரஸ்ஸல்ஸ் விழாவில் இப்படத்துக்குச் சிறப்புப் பரிசும் கிட்டியது. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்னும் நம் பழமொழிக்கு இதனினும் சிறந்த சான்று ஏது?

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். பொறியியல் பயின்ற டி. ஏ. பென்னபேக்கர் என்னும் இளைஞர், 1953-இல் தம் முதற்படமாகிய ‘டேபிரேக் எக்ஸ்பிரஸ்’ என்பதைச் செய்தார். நியூயார்க் நகரின் மூன்றாம் அவென்யூவில், தெருவுக்கு மேலே தூண்களின்மீது ஓடிய ரயிலே அதன் நாயகன். டியூக் எலிங்டன் முன்பே பதிவுசெய்திருந்த அதே பெயருடைய இசைத்தட்டே அதன் உயிர். விடியற்காலையில் ரயில் புறப்படுகிறது; பாலங்களும் மாடங்களும் விரைகின்றன; தாளம் ஓங்க ஓங்கக் காட்சியும் சுழல்கிறது. ஐந்தே நிமிடங்களில் படம் முடிகிறது. அரங்கம் அமைக்கச் செலவில்லை, நகரமே அரங்கம். அம்மூன்றாம் அவென்யூ ரயில் 1955-இல் நிறுத்தப்பட்டது. இன்று அதன் ஓட்டத்தைக் காண விழைவோர்க்கு அப்படம் ஒரு வரலாற்று ஆவணம்.

இதே பென்னபேக்கர் 1965-இல், பாடகர் பாப் டிலன் இங்கிலாந்தில் மேற்கொண்ட இசைப் பயணத்தைப் படமாக்கினார். லண்டன் சவாய் ஹோட்டலின் அருகே ஒரு சந்து. அங்கே டிலன் நிற்கிறார். அவர் கையில் ஓர் அட்டைக் கட்டு. பாட்டு ஒலிக்கிறது, அவர் பாடவில்லை, வாயசைக்கவும் இல்லை. பாட்டில் வரும் சொற்களுள் சில எழுதப்பட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டிக் கீழே எறிகிறார். ஓரத்தில் கவிஞர் ஆலன் கின்ஸ்பர்க் யாருடனோ பேசிக்கொண்டு நிற்கிறார். இவ்வளவே காட்சி. 1967-இல் வெளிவந்த முழுப்படத்தின் தொடக்கமாக அமைந்த இக்காட்சியை, அதன்பின் உலகெங்கும் எத்தனையோ பேர் பின்பற்றினர். அட்டையும் மையும் ஒரு சந்தும் செய்த வேலை அது. பின்னாளில், 2016-இல், டிலன் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றதை நீங்கள் அறிவீர்கள்.

1981 ஆகஸ்டு முதல் நாள், இசைப்படங்களையே ஒளிபரப்பும் எம்டிவி என்னும் தொலைக்காட்சி அமெரிக்காவில் தொடங்கிற்று. அது காட்டிய முதற் பாட்டு, வானொலிக் கலைஞனை வீடியோ கொன்றுவிட்டது என்னும் பொருளுடைய தலைப்புக் கொண்டது. நேயர்களே, என் குரல் இப்பொழுது எதன் வழியே உங்கள் செவிக்கு வருகிறது என்பதை எண்ணிச் சிரித்துக்கொள்ளுங்கள்! எனினும் ஒன்று மெய். பெருநிறுவனங்கள் இத்துறையில் பணத்தைக் கொட்டின. இசைப்படம் என்றாலே நூறு நடனக்காரரும் பளிச்சிடும் விளக்குகளும் என்ற எண்ணம் ஊன்றிற்று. என் உள்ளத்தில் அன்று இருந்ததும் அவ்வெண்ணமே.

அவ்வெண்ணத்தை அசைத்த நிகழ்ச்சி 2006-இல் நடந்தது. ‘ஓகே கோ’ என்னும் அமெரிக்க இசைக்குழுவினர் நால்வர். உடற்பயிற்சிக்குரிய ட்ரெட்மில் எட்டினை அவர்கள் நிரப்பி வைத்தார்கள். ஓடும் பட்டைகளின்மீது பாட்டுக்கேற்ப நடந்தும் தாவியும் சறுக்கியும் ஆடினார்கள். நடனத்தை அமைத்தவர் பாடகரின் தமக்கையாகிய டிரிஷ் சீ. காமிரா அசையாது நின்றது. வெட்டும் ஒட்டும் இன்றி ஒரே மூச்சில் எடுத்த காட்சி அது. ஒருவர் கால் தவறினாலும் தொடக்கத்திலிருந்தே மீண்டும் எடுக்க வேண்டும். பதினேழு முறை எடுத்தார்கள். இணையத்தில் அதைக் கண்டவர் கோடிக்கணக்கானோர். 2007-இல் அப்படத்துக்குக் கிராமி விருதும் கிடைத்தது.

ஆம், 2007. ஒரு மாணவன் மாடிப்படியும் தாழ்வாரமும் கேட்டு என்னிடம் வந்த அதே ஆண்டு.

மாணவச் செல்வங்களே, இவ்வரலாற்றால் நாம் அறிவது என்ன? கரித்துண்டு, தூரிகை, ரயில், அட்டை, ஓடும் பட்டை: ஒவ்வொருவரும் ஒரே ஒரு பொருளைப் பற்றிக்கொண்டார்கள். இல்லாதவற்றை எண்ணி இரங்காமல், இருப்பதொன்றினை இறுதிவரை பயன்படுத்தினார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர்களோ கோணற் கூடத்துக்கு ஏற்ற ஆட்டத்தைக் கண்டார்கள்.

ஆனால் செலவு குறைவு என்பது உழைப்புக் குறைவு என்று பொருள்படாது. முற்காலத்தில் 16 மில்லிமீட்டர் சுருள் நூறடி வாங்கினால் மூன்று நிமிடங்கூட ஓடாது. ஆகவே காமிராவைத் தொடுமுன் பன்முறை ஒத்திகை பார்த்தார்கள். இன்று உங்கள் கைப்பேசியில் வேண்டுமட்டும் எடுக்கலாம். அதனாலேயே ஒத்திகையை மறந்துவிடாதீர்கள். இன்னும் ஒன்று: எளிய முயற்சிக்குத் தோள்கொடுக்கும் நண்பர்களின் உழைப்பை இலவசம் என்று எண்ணாதீர்கள். வேளைக்கு உணவளியுங்கள், படத்தில் அவர்கள் பெயரை மறவாது பொறியுங்கள். பிறர் இசையை எடுத்தாள்வதாயின் உரிமையுடையாரின் இசைவு பெறுங்கள். வறுமை திருட்டுக்கு நியாயமாகாது.

ஆசிரியப் பெருமக்கள் எவரேனும் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவர்களுக்கும் ஒரு சொல். மாணவன் நம்மிடம் கேட்பது பெரும்பாலும் பணம் அன்று. ஒரு தாழ்வாரமும் அரை நாளுமே. அவற்றைத் தர நமக்குச் செலவு யாதும் இல்லை.

அந்த மாணவன் இன்று எங்கு உள்ளான் என்பதை நான் அறியேன். இக்குரல் அவன் செவியில் விழுமாயின், அவனுக்கு நான் கூறுவது இது: தம்பி, அன்று நீ கேட்ட வினா சரியானது, என் விடைதான் தவறு. திருத்திக்கொள்கிறேன்.