அந்தரத்தில் தொங்கும் பின்

போன மாதம் ஒரு காலையில் ட்ரெயினைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தபோது கொழிஞ்சாம்பாறையிலிருந்து அக்கா மகனின் போன்.

"மாமா, பட்டனைத் தொடவே இல்லீங்க. கையப் பக்கத்துல கொண்டு போனாலே லைட்டு எரியுதுங்க. போர்டு போயிருச்சுங்களா?"

பள்ளிக்கூடத்து அர்டுயினோ. கெடுத்துவிட்டோம், சார் இனி கிட்டைத் தொடவே விடமாட்டார் என்று பயல் அழாத குறை.

நாம் படித்த காலத்தில் இதெல்லாம் ஏது? 1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் எல்லாம் கேரளாவோடு நின்றன. மூணாறு, மறையூர் பக்கமும் எங்கள் பக்கமும் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு எது வந்தாலும் கடைசியில்தான் வரும். இது அப்படியில்லை. கேரள அரசின் கைட் நிறுவனம் 2022 டிசம்பரில் 2,000 பள்ளிகளுக்கு 9,000 அர்டுயினோ கிட் கொடுக்க ஆரம்பித்தது. 2025-ல் பத்தாம் வகுப்பு ஐடி பாடத்திலேயே ரோபோ வந்துவிட்டது, தமிழ்ப் புத்தகத்திலும்தான்.

சரி, மேட்டருக்கு வருவோம். பயல் 5 வோல்ட்டிலிருந்து பட்டன் வழியாக 2-ஆம் பின்னுக்கு ஒயர் இழுத்திருக்கிறான். அழுத்தினால் 5 வோல்ட், சரி. அழுத்தாதபோது? அந்தப் பின் எதோடும் சேராமல் அந்தரத்தில் தொங்குகிறது. அதற்குள் கரண்ட் ஏறக்குறைய போகவே போகாது என்பதால், பக்கத்துக் கரண்ட் ஒயர், நம் விரல், எது வந்தாலும் அதன் வோல்டேஜ் ஆடும். நான் காமர்ஸ்காரன். எனக்குப் புரிந்த விதம் இதுதான்: லெட்ஜரில் 0 என்று எழுதுவது வேறு, ஒன்றும் எழுதாமல் விடுவது வேறு. காலி இடத்தில் யார் வேண்டுமானாலும் எதையாவது எழுதிவிட்டுப் போகலாம்.

இந்த வியாதி போர்டோடு பிறந்தது இல்லை, அதைவிடப் பழசு. எர்னாண்டோ பர்ராகன் என்ற கொலம்பியா மாணவர் இத்தாலியின் இவ்ரியாவில் 2003-ல் 'வயரிங்' என்று ஒன்றைச் செய்தார். அதிலிருந்து 2005-ல் கிளைத்ததுதான் அர்டுயினோ. சிப்புக்குள்ளேயே பின்னை 5 வோல்ட் பக்கம் இழுத்துப் பிடிக்க 20 முதல் 50 கிலோ ஓம் ரெசிஸ்டர் உண்டு. ஆனால் அதைப் போட, இன்புட் பின்னுக்கு 'ஹை' எழுத வேண்டும் என்ற விசித்திரமான வழிதான் பல வருஷம் இருந்தது. 2012-ல்தான் 'இன்புட் புல்அப்' என்று நேரடியாக ஒரு சொல் வந்தது.

போர்டைக் கவனித்திருக்கிறீர்களா? 7-க்கும் 8-க்கும் நடுவில் மட்டும் இடைவெளி 0.16 அங்குலம். மற்றதெல்லாம் 0.1. வரைபடத்தில் நடந்த பிசகு. மேலே பொருத்தும் போர்டுகள் அதற்கேற்ப வந்துவிட்டதால் அப்படியே விட்டுவிட்டார்கள். எங்கள் பேங்க் ஃபாரங்களிலும் இப்படிச் சிலது உண்டு :-)

பயலுக்குச் சொன்ன இன்னொரு கதை ராஸ்ப்பெர்ரி பையுடையது. 2024 ஆகஸ்டில் வந்த ஆர்பி2350 சிப்பில், சிப்புக்குள் இருக்கும் புல்டவுன் போட்டும் பின் 0-க்கு இறங்காமல் 2.1 வோல்ட் வாக்கில் மாட்டிக்கொண்டது. கண்டுபிடித்தவர் இயன் லெஸ்னெட் என்ற ஹார்ட்வேர்காரர். பெரிய கம்பெனி தன் சிப்பில்தான் தப்பு, வெளியே 8.2 கிலோ ஓமோ அதற்குக் குறைவாகவோ ரெசிஸ்டர் போடுங்கள் என்று எழுதியே கொடுத்தது. 2025-ல் சிப்பையே திருத்தியும் விட்டது. "அவங்களுக்கே இப்படியாடா, உனக்கென்ன?" என்றேன். கொஞ்சம் தெம்பானான்.

பிறகு ஒரு சொல்லை மாற்றச் சொன்னேன், 5 வோல்ட் ஒயரைக் கிரவுண்டுக்கு மாற்றச் சொன்னேன். பிளாட்பாரம் வந்துவிட்டது. பத்து நிமிஷத்தில் மறுபடி போன்.

"மாமா, இப்ப கைய ஆட்டுனா ஒண்ணும் ஆகறதில்லீங்க. ஆனா சும்மா இருந்தா எரியுது, அழுத்துனா அணையுதுங்க!"

புல்அப் போட்டால் எல்லாம் தலைகீழ் என்பதைச் சொல்ல மறந்திருந்தேன். ஒரு ஆச்சரியக்குறி போடச் சொல்லிவிட்டு அடுத்த ட்ரெயினில் ஏறினேன்.