நாய்த்தலை மனிதர்களும் ஒரு மாணவனின் கேள்வியும்

 

மார்க்கோ போலோ பாடம் வரும்போதெல்லாம் வகுப்பில் ஒரு கதை சொல்வேன். நம் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிய அதே மனிதர், அந்தமானில் நாய்த்தலையோடு மனிதர்கள் வாழ்வதாகவும் சொல்லியிருக்கிறார் என்பேன். பையன்கள் குரைத்துக் காட்டிச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் தூக்கத்துக்கு அது நல்ல மருந்து.

ஒரு வருடம், போர்ட் பிளேயரிலிருந்து அப்பாவின் மாற்றலில் வந்து சேர்ந்த பையன் மட்டும் சிரிக்கவில்லை. "சார், அவங்க நிஜப் பேரு என்ன சார்?" என்றான். எனக்குத் தெரியாது. "உட்காருப்பா" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

ஓய்வுபெற்ற பிறகுதான் தேடிப் படித்தேன். இந்த நாய்த்தலைக் கதை மார்க்கோ போலோவுக்கு ஏறத்தாழ 1700 ஆண்டுகள் மூத்தது. பாரசீக அரசவையில் மருத்துவராக இருந்த டெசியாஸ் என்ற கிரேக்கர், இந்தியாவுக்கு வராமலே இந்தியாவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நம் மலைகளில் 1,20,000 நாய்த்தலையர் இருக்கிறார்களாம். பேச்சு குரைப்புதான், ஆனால் மற்றவர் பேசுவது புரியுமாம். பண்டமாற்று செய்வார்களாம், நேர்மையானவர்களாம். புளுகுதான். ஆனால் பக்கத்து ஊர்க்காரரைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்கிறார், பாருங்கள்.

என்னை உட்கார வைத்தது 9ஆம் நூற்றாண்டுக் கடிதம் ஒன்று. வடக்கு ஐரோப்பாவில் மதம் பரப்பிய ரிம்பெர்ட் என்பவருக்கு ஒரு சந்தேகம்: நாய்த்தலையர் ஆதாமின் பிள்ளைகளா, மிருகங்களா? பிரான்சில் கோர்பி மடத்துத் துறவி ரத்ராம்னஸ் பதில் எழுதினார். தலையும் குரைப்பும் மிருகம் என்றுதான் சொல்கின்றன. ஆனால் அவர்கள் ஊராகக் கூடி வாழ்கிறார்கள் என்றால் அங்கே சட்டம் இருக்கிறது. உடலை மறைக்கிறார்கள் என்றால் வெட்கம் இருக்கிறது. பயிர் செய்கிறார்கள், கால்நடை வளர்க்கிறார்கள். பகுத்தறிவு இல்லாமல் இதெல்லாம் முடியுமா? ஆகவே மனிதர்களே என்று முடிக்கிறார். நாய்த்தலையன் ஒருவனைக்கூட அவர் பார்த்ததில்லை. இல்லாத ஓர் இனத்துக்காக முகத்தை ஒதுக்கிவைத்து இவ்வளவு யோசித்திருக்கிறார் அந்த மனிதர்.

மார்க்கோ போலோ 1298இல் ஜெனோவா சிறையில் சொன்ன கதையில் அந்த யோசனை இல்லை. நாய்த்தலை, நாய்ப்பல், அயலார் கையில் கிடைத்தால் தின்றுவிடுவார்கள், அவ்வளவுதான். அவர்கள் அரிசியும் பாலும் உண்பதாகவும் சொல்கிறார். அந்தமான் பழங்குடிகள் வயல் உழுததுமில்லை, மாடு வளர்த்ததுமில்லை. இன்னொன்று தெரியுமா? பிரிட்டிஷார் வந்து குடியேறும்வரை அந்தத் தீவுக்காரர்களிடம் நாயே கிடையாது!

1858இல் போர்ட் பிளேயரில் கைதிகள் குடியிருப்பு அமைந்தது. தட்டம்மை, மேகநோய் எல்லாம் கப்பலில் வந்து இறங்கின. சில ஆயிரம் பேராக இருந்த பெரிய அந்தமானியர், நூறு ஆண்டுகளில் இருபது பேர் அளவுக்குக் குறைந்துபோனார்கள். அவர்களில் போ மொழி பேசிய கடைசி மனுஷி போவா சீனியர் 2010 ஜனவரியில் இறந்தார். அந்த மொழியில் அவரோடு பேசப் பல ஆண்டுகளாக ஒருவருமில்லை. அந்தச் செய்தி வந்த நாளில் எனக்கு அந்த வகுப்பறைக் குரைப்புச் சத்தம்தான் காதில் விழுந்தது.

தம்பி, நீ எங்கே இருக்கிறாயோ தெரியாது. இது உன் கண்ணில் பட்டால், தாமதமான பதில் இதோ. ஜாரவா, ஓங்கே என்ற பேர்கள் உனக்கே தெரிந்திருக்கும். பெரிய அந்தமானியர் மட்டும் பத்துக் குழுவினர். போ, ஜெரு, கோரா, காரி, பெயா, பலாவா, கெதே, ஜுவோய், கோல், புசிக்வார்.