எடுத்து வருதலும் கலகமும்

படையெடுப்பு என்பதை இக்காலத்தார் பெயர்ச்சொல்லாகவே வழங்குவர். அதன் வினைவடிவம் தனித்து நின்ற நிலையைத் திருவஹீந்திரபுரம் தெய்வநாயகன் கோயிற் கல்வெட்டு காட்டும். அது மூன்றாம் ராஜராஜன் காலத்தது, 1231ஆம் ஆண்டையொட்டியது. காடவன் கோப்பெருஞ்சிங்கன் சோழனைச் சேந்தமங்கலத்திலே சிறைவைத்தான். விஷ்ணு ஸ்தானங்களும் அழிவுற்றன. அதனைக் கேட்ட போசள வீரநரசிம்மன் தோரசமுத்திரத்தினின்றும் ‘எடுத்து வந்து’, பாச்சூரிலே ‘விட்டு’, அப்பணன், சமுத்திர கோப்பையன் என்னும் தண்டநாயகர் இருவரையும் மேற்செலுத்தினான். ஈண்டு எடுத்தல் படையோடு புறப்படுதல். விடுதல் பாளயம் இறங்குதல். எதனை எடுத்தான், எதனை விட்டான் என்று கேட்பார் இலர். படை என்பது சொல்லாமலே விளங்கிற்று.

அத்தண்டநாயகர் அழித்த ஊர்களுள் ஒன்று தொழுதகையூர். அதனை இன்றைய தொழுதூர் என்பர். தொழுதூரும் பெண்ணாடமும் ஒரே வெள்ளாற்றங்கரையின. ஆதலின் பெண்ணாடத்தார்க்கு இஃது அயல்நாட்டுச் செய்தியன்று. பகைவன் செயலுக்கும் மீட்க வந்தவர் செயலுக்கும் ‘அழித்தல்’ என்ற ஒரே சொல்லையே கல்வெட்டு ஆளுகின்றது. அவ்வூர்க் குடிகளுக்கு வேறுபாடு தெரிந்திருக்குமோ?

வடமொழி நீதிநூலார் இதனை ஆறு குணங்களுள் ஒன்றாகிய யானம் என்பர். யாத்திரை என்பதும் உண்டு. தமிழிலக்கணத்தார் வஞ்சி என்பர். இவை யாவும் செல்பவன் பக்கத்துச் சொற்கள்.

படை வந்து சேர்ந்த இடத்தார்க்கு வேறு சொல் வேண்டியிருந்தது. திருவரங்கத்தில் பன்னீராயிரவர் மாண்ட செய்தியைப் ‘பன்னீராயிரவர் முடி திருத்திய பன்றியாழ்வான் மேட்டுக் கலகம்’ என்றே ஸம்ப்ரதாயம் வழங்கும். கலகம் என்றால் இன்று உள்நாட்டார் கிளர்ச்சியே நினைவில் எழும். அப்பொருள் கொண்டு படிப்போர், ஊரார் தாமே எழுப்பிய குழப்பம் என மயங்குவர். அம்மயக்கம் இறந்தோரையே குற்றவாளிகளாக்கும். கலங்குதல் என்பதனோடு ஒப்பவைத்து, புறத்தார் படையால் ஊர் நிலைகுலைதல் எனக் கொள்வதே பொருந்தும். நம்பெருமாள் புறப்பாடு, பிள்ளை லோகாசார்யர் ஜ்யோதிஷ்குடியில் திருநாடலங்கரித்தது, வேதாந்த தேசிகர் ச்ருதப்ரகாசிகையைக் காத்தது எல்லாம் அக்காலத்துச் செய்திகளே.

செஞ்சிக் கோபணார்யன் 1371இல் நம்பெருமாளை மீண்டும் எழுந்தருளப்பண்ணியதைக் கூறும் திருவரங்கத்து வடமொழிச் சாஸனத்திலோ துலுஷ்கர் என்னும் பகைவர் பெயரே உண்டு. கலகம் என்ற சொல் இல்லை. அது வென்றவன் வாக்கு.