தோட்டத்தில் பள்ளி, பள்ளியில் தோட்டம்

மலேசியத் தமிழில் 'தோட்டம்' என்றால் கத்தரியும் வெண்டையும் நினைவுக்கு வருவதில்லை. ரப்பர் மரம்தான் வரும். அதனால் யாராவது 'பள்ளித் தோட்டம்' என்று சொன்னால், என் காது அதைத் 'தோட்டப் பள்ளி' என்று திருப்பிப் போட்டுக்கொள்ளும். இந்த இரண்டு சொற்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காலனியக் கல்வியின் ஒரு கணக்கு தெரிகிறது.

தோட்டத்தையே வகுப்பறையாக்கும் எண்ணம் ஐரோப்பாவில் அழகாகத்தான் தொடங்கியது. ஜெர்மனியில் ஃபிரோபெல் 1840இல் தன் பள்ளிக்குக் 'கிண்டர்கார்டன்' என்று பெயர் வைத்தார். அவர் திட்டத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சின்னப் பாத்தி உண்டு. எல்லாருக்கும் பொதுவான பாத்தியும் உண்டு. தன்னுடையது எது, பொதுவானது எது என்று மண்ணைத் தொட்டே பிள்ளை தெரிந்துகொள்ளும்.

மலாயாவில் அதே பாத்திக்கு வேறு வேலை கொடுக்கப்பட்டது.

பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த ஸ்வெட்டன்ஹாம், குடியானவர் பிள்ளைகளுக்கு அரைகுறையாக ஆங்கிலம் கற்றுக்கொடுத்தால் அவர்கள் உழைப்பை வெறுத்துவிடுவார்கள் என்று 1890இலேயே எழுதியிருந்தார். 1916இல் கல்வித் துறையின் துணை இயக்குநரான ரிச்சர்ட் வின்ஸ்டெட், ஜாவாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் போய் அங்குள்ள கிராமப் பள்ளிகளைப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த ஆண்டு அவருடைய அறிக்கை வெளிவந்தது. அதன்படி மலாய்ப் பள்ளிகளின் நான்கு ஆண்டுப் படிப்புக்குள் தோட்ட வேலையும் கூடை முடைவதும் நுழைந்தன. 1920இல் தலைமைச் செயலாளர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இன்னும் வெளிப்படையாகப் பேசினார். மீனவன் மகன் அப்பனைவிடக் கொஞ்சம் புத்திசாலியான மீனவனாக வேண்டும், விவசாயி மகன் அப்பனைவிடக் கொஞ்சம் புத்திசாலியான விவசாயியாக வேண்டும். அரசாங்கத்தின் நோக்கம் அவ்வளவுதான்.

'அட, பிள்ளைங்க செடி நடுறதுல என்ன தப்பு?'ன்னு கேட்கலாம். நடுவதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் 1905இலேயே கோலகங்சாரில் மலாய்க் கல்லூரி திறந்தாகிவிட்டது. அங்கே ராஜவம்சத்துப் பிள்ளைகள் அரசாங்க உத்தியோகத்துக்காக ஆங்கிலம் படித்தார்கள். மண்வெட்டி கிராமத்துப் பிள்ளைக்கு, பேனா அரண்மனைப் பிள்ளைக்கு. மண்ணைத் தொட்டுப் படிப்பது அத்தனை நல்லதென்றால் அரண்மனைப் பிள்ளைகளை ஏன் விட்டுவிட்டார்கள்?

நம் பிள்ளைகளின் கதை இதைவிடச் சுருக்கமானது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழிலிருந்து பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பள்ளி என்றால் பல இடங்களில் லயத்தை ஒட்டிய ஒரு கொட்டகை. கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். பெரிய பிள்ளைகள் காலையில் புல் பிடுங்கவும் கட்டிப்பால் பொறுக்கவும் போய்விட்டு, மிச்ச நேரத்தில் எழுத்துக் கற்றார்கள். அவர்களுக்குத் தோட்டக்கலைப் பாடம் எதற்கு? மலாய்ப் பிள்ளையை மண்ணோடு பிடித்துவைக்கப் பாத்தி தேவைப்பட்டது. தமிழ்ப் பிள்ளையைப் பிடித்துவைக்கத் துரையின் ரப்பர் மரங்களே போதும். ஒருவர் பள்ளிக்குள் தோட்டம், இன்னொருவர் தோட்டத்துக்குள் பள்ளி. நாம் பெரும்பாலும் நம் பக்கத்து வலியை மட்டுமே எழுதி வந்திருக்கிறோம். மலாய் கிராமத்துப் பள்ளியும் அதே மேசையில் திட்டமிடப்பட்டது என்பதைப் போதுமான அளவு பேசவில்லை.

அந்தத் திட்டம் ஓரிடத்தில் கைமீறிப் போனது. மலாய்ப் பள்ளிகளுக்கு வாத்தியார்களை உருவாக்க 1922இல் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. விவசாயமும் கைத்தொழிலும் அங்கே முக்கியப் பாடங்கள். கிராமத்துக்குத் திரும்பிப் போய்ப் பிள்ளைகளுக்குச் செடி நடக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார்தான் அங்கே தயாராக வேண்டியவர். ஆனால் பல மாநிலங்களின் கிராமத்து இளைஞர்கள் ஒரே விடுதியில் தங்கினார்கள். 1924இல் மொழிபெயர்ப்புப் பிரிவும் அங்கே வந்தது. அதை நடத்தியவர் ஸாபா. படிக்க மலாய் நூல்கள் கிடைத்தன, விவாதிக்க ஆட்கள் கிடைத்தார்கள். பேராக்காரன், சிலாங்கூர்க்காரன் என்ற எண்ணம் தளர்ந்து, 'நாம் மலாய்க்காரர்' என்ற எண்ணம் அங்கே வலுத்தது. அங்கே படித்த இப்ராஹிம் யாக்கோப் 1938இல் 'கெசத்துவான் மெலாயு மூடா' என்ற காலனிய எதிர்ப்பு அமைப்பைத் தொடங்கினார். நல்ல விவசாயியை எதிர்பார்த்துப் போட்ட பாத்தியில் அரசியல்வாதி முளைத்தான். வின்ஸ்டெட் மலாய் இலக்கியத்தின் பெரிய அறிஞர், அதில் சந்தேகமில்லை. இந்த விளைச்சல் மட்டும் அவர் கணக்கில் இருந்திருக்காது.

தோட்டத் தமிழ்ப் பள்ளிகளுக்கு அப்படி ஒரு தஞ்சோங் மாலிம் வாய்க்கவில்லை. தமிழகத்திலிருந்து வந்த பாடநூல்களில் காவிரி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்ற ரப்பர் மரம் இல்லை.

இன்று பல தமிழ்ப் பள்ளிகளில் மூலிகைப் பாத்தியும் காய்கறிப் பாத்தியும் இருக்கின்றன. அவரைக் கொடியை அளந்து கணக்குப் படிக்கிறார்கள், மண்புழுவைப் பார்த்து அறிவியல் எழுதுகிறார்கள். அப்படிப்பட்ட பள்ளிகள் சிலவற்றைச் சுற்றி இப்போது தோட்டமே இல்லை. ரப்பர் போய், செம்பனையும் போய், வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. பெயர்ப் பலகையில் மட்டும் 'லாடாங்' என்ற சொல் நிற்கிறது. அதற்குக் கீழே, வேலியோரமாக, பிள்ளைகள் வெண்டைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.