டேப்லெட்டா, லேப்டாப்பா? - ஓர் 'அல்லது'வின் வரலாறு



"டெக்னிக்கலா ஏதாவது எழுதுப்பா, ஆனா வீட்ல இருக்கறவங்களும் படிக்கிற மாதிரி இருக்கணும்" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். யோசித்துப் பார்த்ததில், ஒவ்வொரு வருஷமும் கல்லூரி அட்மிஷன் சமயத்தில் நம் எல்லோர் வீட்டிலும் எழும் ஒரு கேள்வியே நல்ல தலைப்பாகப் பட்டது. பிள்ளைக்கு டேப்லெட் வாங்கிக் கொடுத்தால் போதுமா, லேப்டாப்தான் வேண்டுமா?

அரசாங்கத்துக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்கிறது. 2025 மார்ச் 14 அன்று நிதி அமைச்சர் தங்கம் தென்னரசு படித்த தமிழக நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் டேப்லெட் அல்லது லேப்டாப் வழங்கப்படும் என்ற அறிவிப்பு இருந்தது. பிறகு எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டபோது அந்த 'அல்லது' காணாமல் போயிருந்தது. 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. உள்ள லேப்டாப்புக்குத்தான் டெண்டர். 2026 ஜனவரியில் மாணவர்கள் கைக்கு வரத் தொடங்கியதும் லேப்டாப்தான்.

இந்த ஒரு சின்ன 'அல்லது'வுக்குப் பின்னால் ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால், நம் வீட்டுக் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும் என்பது என் எண்ணம்.

ஒரே வயிற்றில் பிறந்தவை

1972-ல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த ஆலன் கே, 'டைனபுக்' என்றொரு கருவியைக் கற்பனை செய்து கட்டுரை எழுதினார். நோட்டுப் புத்தகம் அளவில், குழந்தைகள் கையில் தூக்கிப் போகக்கூடிய கம்ப்யூட்டர். இன்றைய டேப்லெட்டின் மூதாதை என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர் வரைந்த படத்தைப் பார்த்தால், திரைக்குக் கீழே கீபோர்டு இருக்கும்! குழந்தை அதில் படித்தால் மட்டும் போதாது, எழுத வேண்டும், படம் வரைய வேண்டும், சொந்தமாக ப்ரோகிராமும் போட வேண்டும் என்பது அவர் ஆசை.

அந்த ஒரு கனவுதான் பிறகு இரண்டு பிள்ளைகளாகப் பிரிந்தது. வேடிக்கை என்னவென்றால், இரண்டையும் ஒரே கம்பெனி செய்து பார்த்தது. கிரிட் என்ற அமெரிக்க நிறுவனம் 1982-ல் புத்தகம் போல மடித்து மூடும் 'காம்பஸ்' கம்ப்யூட்டரைக் கொண்டு வந்தது. இன்றைய லேப்டாப்பின் உருவம் அதிலிருந்து வந்ததுதான். அதே நிறுவனம் 1989-ல் பேனாவால் தொட்டு எழுதும் 'கிரிட்பேட்' என்ற பலகையையும் கொண்டு வந்தது. 1993-ல் ஆப்பிளின் நியூட்டன், 2002-ல் மைக்ரோசாஃப்டின் டேப்லெட் பிசி என்று அடுத்தடுத்து வந்தன. எதுவும் சாமானியர் வீட்டுக்குள் நுழையவில்லை.

நம் நாட்டிலும் முயற்சி நடக்காமல் இல்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் 2001-ல் 'சிம்ப்யூட்டர்' என்ற கையடக்கக் கணினியை வடிவமைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்தாருக்கும் பயன்பட வேண்டும் என்று, எழுத்தைப் பேச்சாக்கிக் காட்டும் வசதியும் அதில் யோசித்திருந்தார்கள். 2004-ல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் அதைத் தயாரித்துக் கடைக்கும் வந்தது. விலை சுமார் பத்தாயிரம் ரூபாயிலிருந்து. எதிர்பார்த்த அளவுக்கு விற்கவில்லை. 2010 ஏப்ரலில் ஐபேட் விற்பனைக்கு வந்த பிறகுதான் டேப்லெட் என்பது உலகம் முழுவதும் வீட்டுப் பொருளானது.

2011: மூன்று தீர்ப்புகள்

நம்மைப் பொறுத்தவரை முக்கியமான வருஷம் 2011. அந்த ஒரே வருஷத்தில் இந்தியாவில் மூன்று பெரிய பரிசோதனைகள் நடந்தன.

முதலாவது, ஜூன் மாதம் தொடங்கிய சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பு. காகிதம் இல்லாமல், ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட டேப்லெட் கருவிகளைக் கொண்டு வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தார்கள். இவற்றைத் தயாரித்துக் கொடுத்ததும் பாரத் எலக்ட்ரானிக்ஸ்தான்.

இரண்டாவது, செப்டம்பர் 15. அண்ணா பிறந்த நாளன்று முதலமைச்சர் ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதல் வருஷத்துக்கு 912 கோடி ரூபாய் ஒதுக்கி, 9 லட்சத்து 12 ஆயிரம் மாணவர்களுக்கு என்று திட்டம். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வந்த அந்தக் கறுப்புப் பெட்டியை நம் செட்டில் பலர் மறந்திருக்க முடியாது. விண்டோஸும் இருக்கும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கும். ஆன் பண்ணும்போது எது வேண்டும் என்று கேட்கும்.

மூன்றாவது, சரியாக இருபது நாள் கழித்து, அக்டோபர் 5. தில்லியில் மத்திய அமைச்சர் கபில் சிபல் 'ஆகாஷ்' டேப்லெட்டை அறிமுகம் செய்தார். உலகத்திலேயே மலிவான டேப்லெட் என்று பத்திரிகைகள் எழுதின. ஏழு அங்குலத் திரை, 366 மெகாஹெர்ட்ஸ் ப்ராசசர், 256 எம்பி ராம். அரசு வாங்கிய விலை சுமார் 2,250 ரூபாய். கல்லூரி மாணவர்களுக்குப் பாதி விலையில் கொடுப்பதாகப் பேச்சு.

முடிவு என்ன ஆயிற்று? கணக்கெடுப்புக்குப் போன டேப்லெட் தன் வேலையைச் செய்து முடித்தது. லேப்டாப் திட்டம் பல வருஷம் நடந்து, 50 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைச் சென்றடைந்தது. ஆகாஷ் பேச்சு சில வருஷத்தில் அடங்கிவிட்டது.

ஆகாஷ் ஏன் தோற்றது? அழுத்தினால்தான் கேட்கும் பழைய மாதிரித் தொடுதிரை, வேகம் போதாது, சார்ஜ் மூன்று மணி நேரம் நின்றால் அதிகம் என்று குறைகள் வரிசையாக உண்டு. 2012 நவம்பரில் வந்த ஆகாஷ்-2 இவற்றில் பலவற்றைச் சரி செய்தது. ஆனால் அடிப்படைச் சிக்கல் வேறு. முதல் ஆகாஷுக்கு இன்டர்நெட் வேண்டுமானால் வைஃபை வேண்டும். அன்றைக்கு எந்தக் கிராமத்தில் வைஃபை இருந்தது? இன்டர்நெட் இல்லாத டேப்லெட் வெறும் சிலேட்டு. இன்டர்நெட் இல்லாத லேப்டாப் அப்படியில்லை, அதில் உட்கார்ந்து வேலை செய்யலாம்.

புது ஆற்றங்கரையில் பார்த்தது

நான் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் நடுவிலுள்ள பூதலூர்க்காரன். 2012-ல் பிளஸ் டூ முடித்தேன். அந்த வருஷத்து மின்வெட்டை டெல்டாக்காரர்கள் மறக்க மாட்டார்கள். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. வந்தபோது சார்ஜ் போட்டு, போனபோது அந்த வெளிச்சத்திலேயே டைப் அடித்தோம். எங்கள் தெருவில் ஒரு லேப்டாப் நாலு வீட்டுக்குப் பொது. ஒருவன் சி ப்ரோகிராம் அடிப்பான், ஒருத்தி அப்பாவின் மனுவைத் தமிழில் அடித்துப் பென்டிரைவில் ஏற்றிக்கொள்வாள், இன்னொருவன் சினிமா பார்ப்பான். விற்றவர்களும் உண்டு, ரிப்பேராகிப் பரணில் போட்டவர்களும் உண்டு. ஆனாலும் அந்தப் பெட்டியைத் திறந்து உள்ளே என்னென்ன இருக்கிறது என்று நோண்டிப் பார்த்த பிள்ளைகளில் பலர் இன்று நம் தொழிலில் இருக்கிறார்கள்.

இங்கே இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். நம் பக்கத்து ஊர்களில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் என்பது ஒரு தலைமுறைக்கே வேலை வாங்கிக் கொடுத்த இடம். லோயர், ஹையர் பாஸ் பண்ணினால் ஆபீஸ் வேலைக்குப் போகலாம் என்ற நம்பிக்கை. லேப்டாப் வந்தபோது அந்தப் பழக்கம் அப்படியே அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு 'தமிழ்99' கீபோர்டை ஏற்றுக்கொண்டிருந்தது. ஐபேடிலோ, ஆப்பிளே தமிழ் கீபோர்டு கொடுத்தது 2013-ல் ஐஓஎஸ் 7 வந்த பிறகுதான். ஆரம்ப வருஷங்களில் டேப்லெட் நமக்குப் படிக்கிற பலகையாக இருந்ததே தவிர, தமிழில் எழுதுகிற பலகையாக இருக்கவில்லை.

இன்றைய நிலை

"அதெல்லாம் பழைய கதை, இப்ப டேப்லெட் எவ்வளவோ முன்னேறிடுச்சே" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். 2020 நவம்பரில் வந்த ஆப்பிள் மேக்புக் ஏர் லேப்டாப்பில் இருந்த எம்1 சிப், 2021-ல் ஐபேட் ப்ரோவிலும் அப்படியே வந்துவிட்டது. இரண்டுக்கும் ஒரே மூளை. 2025 செப்டம்பரில் வந்த ஐபேட்ஓஎஸ் 26-ல், லேப்டாப் மாதிரியே பல ஜன்னல்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்து வைக்கலாம். கீபோர்டும் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? அதன் மதகு யார் கையில் இருக்கிறது என்பதில்தான்.

எங்கள் ஊர் வழியாகப் போகும் கல்லணைக் கால்வாயை நாங்கள் புது ஆறு என்போம். 1934-ல் மேட்டூர் அணையோடு வந்தது. ஜூன் 12-ல் மேட்டூரைத் திறப்பார்களா, கல்லணையில் எப்போது தண்ணீர் விடுவார்கள் என்று பார்த்துக்கொண்டுதான் விவசாயி நாற்று விட வேண்டும். வயலில் சொந்தமாகப் பம்புசெட்டு இருப்பவருக்கு அந்தக் கவலை குறைவு. ஐபேடில் எந்த மென்பொருள் ஓடலாம் என்பதை நம் ஊரில் இன்றும் ஆப்பிள் கடைதான் முடிவு செய்கிறது. ஆண்ட்ராய்டில் கொஞ்சம் தாராளம், ஆனால் இன்ஜினியரிங் மாணவனுக்கு வேண்டிய முழு மென்பொருள்கள் பல அதில் கிடையாது. லேப்டாப்பில் லினக்ஸ் போடலாம், கம்பைலர் போடலாம், கெட்டுப் போனால் எல்லாவற்றையும் அழித்து மறுபடி முதலிலிருந்து போடலாம். அந்தக் கெடுத்துச் சரிசெய்யும் வேலையில்தான் ஒருவன் இன்ஜினியர் ஆகிறான்.

யாருக்கு எது?

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது என் அக்கா கேட்டாள்: "ஏண்டா தம்பி, பாப்பா காலேஜ் சேரப் போவுது. அந்த சிலேட்டு மாதிரி இருக்கே, அது விலை கம்மியாமே. அது போதாதா?"

நான் சொன்னேன்: "அக்கா, அத்தானுக்குன்னா அது போதும். பாப்பாவுக்குப் போதாது."

விளக்கம் இதுதான். அத்தானுக்கு வேண்டியது 2018-ல் வந்த உழவன் செயலி, பேப்பர், யூடியூப், பாங்க் கணக்கு, ரயில் டிக்கெட், பிள்ளைகளோடு வீடியோ கால். இதற்கெல்லாம் டேப்லெட் லேப்டாப்பைவிட மேல். கண் மங்கிய அம்மாவுக்கு எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க அதைப் போல வசதி வேறில்லை. 2024-ல் தமிழக அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் ஏறத்தாழ 80,000 பேருக்கு டேப்லெட் கொடுக்க முன்வந்ததும் சரியான தேர்வுதான். வகுப்பில் நின்றுகொண்டே காட்டுவதற்கும் குறிப்பதற்கும் பலகைதான் கைக்கு ஏற்றது. 2011 கணக்கெடுப்பில் அது ஜெயித்ததும் இதனால்தான்.

ஆனால் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதவும், எக்செல்லில் கணக்குப் போடவும், ப்ரோகிராம் கற்கவும், நாலு ஃபைலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும் போகிற பிள்ளைக்கு லேப்டாப்தான். அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின், ஆறு அங்குல ஸ்மார்ட்போன் எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. ஏழு அங்குல ஆகாஷ் செய்ய நினைத்த வேலையை அதுவே செய்கிறது. அந்தப் பெண் கையில் ஏற்கனவே ஒரு குட்டி டேப்லெட் இருக்கிறது. இன்னொரு பெரிய பலகை வாங்கிக் கொடுத்தால் திரைதான் பெரிதாகும். அவளால் செய்ய முடிகிற வேலை அதிகம் கூடாது.

வசதியுள்ள வீட்டில் போன், டேப்லெட், லேப்டாப் மூன்றும் இருக்கும். அங்கே 'டேப்லெட் லேப்டாப்புக்கு ஈடாகுமா' என்பது சும்மா பேசிப் பார்க்கும் கேள்வி. ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்ற வீட்டில், அது ஒரு பிள்ளையின் நாலு வருஷத்தைத் தீர்மானிக்கும் கேள்வி. பார்க்கிறவளாக இருப்பாளா, செய்கிறவளாக இருப்பாளா என்பது அதில் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள்

நம் சங்கம் ஏழை மாணவர்களுக்கு உதவி செய்வது பற்றிப் பேசுகிறோம். விலை குறைவு என்று டேப்லெட் வாங்கிக் கொடுக்கும் யோசனை வந்தால், ஆகாஷை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பதில் வேறு வழி இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் பொதுவாக முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப்புகள் நம் வீட்டு அலமாரிகளில் சும்மா கிடக்கின்றன. ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டி, ராம் கொஞ்சம் கூட்டி, லினக்ஸ் போட்டால் அவை இன்னும் பல வருஷம் ஓடும். செலவு ஒரு நல்ல டேப்லெட் விலையைவிடக் குறைவு. அந்த வேலையை ஜூனியர்களையே கூட உட்கார வைத்துச் செய்தால், லேப்டாப்பும் கிடைக்கும், அதைத் திறந்து பார்த்த துணிச்சலும் கிடைக்கும்.

அடுத்த சந்திப்புக்கு வரும்போது ஆளுக்கொரு பழைய லேப்டாப்பைக் கையோடு கொண்டு வாருங்கள். ஸ்க்ரூ டிரைவர் செட் நான் கொண்டு வருகிறேன்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!