காஞ்சி யாத்திரையும் ஊர்திகளின் வரலாறும்

திருத்தலங்களை நாடிச் சென்று வழிபடுதல் சைவ நன்மக்கள் தொன்றுதொட்டு மேற்கொண்டுவரும் நல்லொழுக்கங்களுள் ஒன்று. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நாற்பாதங்களுள் அது சரியையின்பாற் படுவதாயினும், ஞானிகளும் அதனைக் கைவிட்டிலர். மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம், மலம் நீங்கிய ஞானியும் அன்பரோடு கூடி, அவர்தம் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே கண்டு தொழுதல் வேண்டும் என்று விதிக்கின்றது. ஈண்டுக் கருதத்தக்கது, ஆலயம் ஒன்றே கூறப்படாமல் அடியாரும் உடன் கூறப்பட்டனர் என்பதாம். ஆகவே யாத்திரை இருபாற்பட்டது. சென்று காணும் திருக்கோயில் ஒன்று. செல்லும் வழியிலும் சென்றடைந்த ஊரிலும் கண்டு கலக்கும் அடியார் கூட்டம் மற்றொன்று.

கால்நடையாக மக்கள் சென்ற காலத்தில் இவ்விரண்டும் பிரியாதிருந்தன. ஊர்திகள் விரைவு பெறப்பெற, முன்னையது எளிதாயிற்று, பின்னையது அரிதாயிற்று. கோயில் நகரமும் பட்டு நெசவுக்குப் பேர்பெற்ற ஊருமாகிய காஞ்சிபுரத்தின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டும்.

கால்நடைக் காலம்

முத்தி தரும் நகரங்கள் ஏழு என்பர். அவற்றுள் தென்னாட்டில் உள்ளது காஞ்சி ஒன்றே. ஆதலின் வடநாட்டாரும் தென்னாட்டாரும் இந்நகரை நாடி வந்தனர். கி.பி. 640-ஐ ஒட்டிச் சீனநாட்டுப் பௌத்தத் துறவியாகிய யுவான் சுவாங்கும் இங்கு வந்தார். சமயகுரவர் மூவரும் கச்சியைப் பாடிப் பரவினர். திருவேகம்பம், திருமேற்றளி, ஓணகாந்தன்றளி, அனேகதங்காவதம், நெறிக்காரைக்காடு என்னும் ஐந்து தேவாரத் தலங்கள் இந்நகரில் உள்ளன. அரசுரிமையைத் துறந்து தலந்தோறும் சென்று, தலத்துக்கு ஒரு வெண்பாப் பாடிய பல்லவ மன்னராகிய ஐயடிகள் காடவர்கோன் நாயனாரும் காஞ்சிக்கு உரியவரே. அவர் பாடியவற்றுள் இருபத்துநான்கு வெண்பாக்கள் பதினோராந் திருமுறையில் இன்றும் உள்ளன.

அக்காலத்துச் செலவு எத்தகையது என்பதைச் சுந்தரமூர்த்தி சுவாமிகளின் வரலாறு இனிது விளக்கும். திருவொற்றியூரில் சங்கிலியாருக்குச் சொன்ன சூளுறவைப் பிழைத்து எல்லை கடந்த அளவில் அவர் கண்ணொளி இழந்தார். பின்பு வடதிருமுல்லைவாயிலை வணங்கித் திருவெண்பாக்கம் அடைந்து, ஆங்கு ஊன்றுகோல் ஒன்று பெற்றார். அதனைத் துணையாகக் கொண்டு திருவாலங்காட்டைத் தொழுது, காஞ்சியை அடைந்து, திருவேகம்பத்தில் இடக்கண் பெற்றார். கண்ணிலார் ஒருவர் அத்தனை நெடுவழியைக் கடந்தது வழிகாட்டிய அடியார்களால் அன்றோ? இறைவன் கொடுத்தது கோல்; கோலைப் பற்றி நடந்தவருக்கு ஊர்தோறும் இடமும் உணவும் அளித்தது அடியார் கூட்டம்.

வருவாரை வரவேற்கும் இவ்வறத்துக்குக் காஞ்சியே ஒரு நாயனாரைத் தந்தது. ஏகாலியர் குலத்துத் தோன்றிய திருக்குறிப்புத்தொண்டர், சிவனடியார்தம் ஆடைகளை வெளுத்துக் கொடுத்தலையே தம் பணியாகக் கொண்டவர். நடந்து வந்த அடியாருக்கு இதனினும் வேண்டப்படும் உதவி வேறு யாது? வழிப்புழுதி படிந்த ஒற்றைக் கந்தையோடு, குளிரால் மெலிந்த முதியவராக இறைவனே வந்தான். பொழுது சாய்வதற்குள் கந்தையை உலர்த்தித் தருவதாக நாயனார் வாக்களித்தார். மழை விடாது பொழிந்தது. சொன்ன சொல் தவறியதே, அடியார் மெய் நடுங்குமே என்று கலங்கித் தம் தலையைத் துணி தோய்க்கும் கற்பாறையில் மோதினார். அப்போது பெருமான் திருக்கை எழுந்து தடுத்தது. நாயனாருக்கு இறைவன் காட்சி தந்தது கருவறையில் அன்று. வழிப்போக்கர் ஒருவரின் ஆடையைத் துவைத்த நீர்த்துறையில். இஃது யாத்திரையின் இரண்டாம் பாகத்துக்குச் சான்று.

பிற்காலத்தில் இவ்வறம் சத்திரம், தண்ணீர்ப் பந்தல், சுமைதாங்கி, சாலை மரம் என வடிவு கொண்டது. செல்வர் பலர் தம் பொருளை இவற்றில் செலவிட்டனர். 1794-இல் திருவையாற்றில் இறைவனடி சேர்ந்த பச்சையப்ப முதலியார், தம் பெரும்பொருளைத் திருக்கோயில் திருப்பணிகளுக்கும் அறங்களுக்கும் உயில் எழுதி வைத்தமை தமிழகம் நன்கறிந்தது.

நெடுந்தலங்களுக்குச் செல்வார் ஆண்டுக்கணக்கில் வீடு பிரிந்திருத்தல் வேண்டும். சென்னையில் வாழ்ந்த ஏனுகுல வீராசாமி என்பார் 1830-ஆம் ஆண்டு மே மாதத்தில் காசிக்குப் புறப்பட்டு, 1831-ஆம் ஆண்டு செப்டம்பரில் திரும்பினார். பல்லக்கும் பரிவாரமும் உடைய செல்வருக்கே பதினைந்து திங்களுக்கு மேல் சென்றதாயின், ஏழையர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? முதியோரும் பிணியாளரும் கைக்குழந்தையுடைய தாய்மாரும் அருகிலுள்ள தலங்களோடு அமைந்துவிட்டனர். ஆகவே கால்நடைக் காலத்தைப் புகழுங்கால், அக்காலத்தில் வர இயலாது நின்றாரையும் மறத்தல் ஆகாது.

இருப்புப்பாதை வந்தமை

தென்னிந்தியாவின் முதற் பயணியர் புகைவண்டி 1856-ஆம் ஆண்டு சூலை 1-ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாசா ரோடு வரை ஓடியது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1865-இல், அப்பாதையிலுள்ள அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு ஏறத்தாழ 19 மைல் நீளமுள்ள கிளைப்பாதை அமைந்தது. 1862-இல் தோன்றிய இந்தியன் டிராம்வே கம்பெனியார் அதனை அமைத்தனர். தண்டவாளங்களின் இடையகலம் மூன்றரை அடியே. செலவு சுருக்கிச் சிற்றூர்ப்புறங்களையும் பெருவழியோடு இணைத்தற்கு அத்தகைய குறும்பாதை ஏற்றது என அவர்கள் கருதினர். அக்கம்பெனி பின்னர்க் கர்நாடிக் ரெயில்வே எனப் பெயர் மாறி, 1874-இல் தென்னிந்திய ரெயில்வேயில் அடங்கிற்று. குறும்பாதை மீட்டர்ப் பாதையாகிச் செங்கற்பட்டு வரை நீண்டபின், தென்பாண்டி நாட்டிலிருந்தும் சோழ நாட்டிலிருந்தும் வருவார்க்குக் காஞ்சி எளிதாயிற்று.

இப்பாதை செல்லும் திசை கருதத்தக்கது. திருவொற்றியூருக்குச் சில கல் தெற்கிலுள்ள இராயபுரத்தில் தொடங்கி, திருமுல்லைவாயிலின் அணித்தாகச் சென்று, திருவாலங்காட்டில் ஒரு நிலையம் கொண்டு, அரக்கோணம் சேர்ந்து, அங்கிருந்து தெற்கே திரும்பிக் காஞ்சியை அடைகின்றது. சுந்தரர் கோலூன்றி நடந்த திசையிலேயே ஏறத்தாழ இது செல்கின்றது என்னலாம். கிளைப்பாதையிலும் திருவூறல் எனப்படும் தக்கோலம், திருமாற்பேறு எனப்படும் திருமால்பூர் ஆகிய தேவாரத் தலங்களின் பெயரால் நிலையங்கள் உள. சுந்தரர் பலநாள் நடந்த தொலைவைப் புகைவண்டி ஒரு பகற்பொழுதினுள் கடந்தது. ஆயின் அவர் ஊன்றுகோல் பெற்ற திருவெண்பாக்கம் அப்பாதையில் அமையவில்லை. பழைய அத்தலம் 1944-இல் நிறைவெய்திய பூண்டி நீர்த்தேக்கத்துள் மூழ்கியது; கோயில் அருகில் வேறிடத்து எழுப்பப்பட்டது. அதனை நாடிச் செல்வார் இன்றும் சிலரே.

மேனாட்டில் இன்பச் செலவு என்னும் தொழில் புகைவண்டியோடு பிறந்தது. இங்கிலாந்தில் தாமசு குக் என்பவர் 1841-ஆம் ஆண்டு சூலை 5-ஆம் நாள், மதுவிலக்குக் கூட்டத்துக்காக ஏறத்தாழ ஐந்நூறு பேரை இலெசுட்டரிலிருந்து இலவுபரோவுக்கு ஒரே வண்டியில் அழைத்துச் சென்றார். அதுவே நாளடைவில் உலகளாவிய வணிகமாயிற்று. அங்கே வண்டி வந்தபின் செலவினர் தோன்றினர். தமிழ்நாட்டிலோ செலவினர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தனர். வண்டி அவர்களைத் தேடி வந்தது. திருவிழா நாட்களில் மூன்றாம் வகுப்பு வண்டிகள் நிறைந்து வழிந்தன. அவ்வகுப்பில் எளியோர் பட்ட இடரைக் காந்தியடிகள் 1917-இல் ஒரு சிறு நூலாகவே எழுதி வெளியிட்டார். இடர் இருந்தும் மக்கள் வந்தனர். பல்லக்கு ஏற இயலாதவரும் பங்குனி உத்திரத் திருக்கலியாணத்தைக் காண வந்தனர். இது புகைவண்டி செய்த பெரும்புண்ணியம்.

அதனோடு ஓர் இழப்பும் நேர்ந்தது. வழியில் தங்க வேண்டாமையின் வழிச்சத்திரங்கள் ஆளற்றுப் போயின. தண்ணீர்ப் பந்தல் வைத்தற்கு வழிநடப்பார் இலர். அறப்பொருள்கள் சில வேறு நற்பணிக்குத் திரும்பின. பச்சையப்பர் விட்ட பொருளின் மிகுதியால் 1842-இல் சென்னையில் கல்விச்சாலை எழுந்தமை அவற்றுள் தலையாயது. ஆயினும் அயலூரான் ஒருவனை ஊரார் தம்மவனாக ஏற்கும் வாய்ப்பு மெல்லக் குறைந்தது.

வண்டியும் வாயிலும்

இருப்புப்பாதையின் வரலாற்றில் மறைக்கலாகாத உண்மை ஒன்றுண்டு. கட்டணம் கொடுத்தார் எவரையும் அது காஞ்சிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. ஆனால் திருக்கோயில் வாயில் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. தாழ்த்தப்பட்டோர் எனத் தள்ளப்பட்ட மக்கள் நிலையத்தில் இறங்கி, மதிலுக்குப் புறத்தே நின்று தொழுது மீண்டனர். நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று ஏங்கிய திருநாளைப்போவாரின் துயரம், தொலைவால் வந்ததன்று. பிறப்புப் பற்றிய தடையால் வந்தது. தொலைவைப் புகைவண்டி நீக்கியபின்னும் அத்தடை நின்றது. 1947-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டமே அதனை நீக்கியது. வண்டி காஞ்சியை அடைந்த 1865-க்கும் வாயில் திறந்த 1947-க்கும் இடையே எண்பத்திரண்டு ஆண்டுகள். அடியாரை அரனெனத் தொழுமாறு கூறிய நெறியினர் இவ்வெண்ணை நினைவில் இருத்தல் நன்று. ஊர்தி ஊரைத் திறக்கும். உள்ளத்தை அருளே திறக்கும்.

மோட்டார்க் காலம்

இருபதாம் நூற்றாண்டில் பேருந்துகளும் மோட்டார் வண்டிகளும் பெருகின. புகைவண்டிக்குக் குறித்த நேரமும் குறித்த இடமும் உண்டு. மோட்டாருக்கு அவை இல்லை. அது கோயில் வாயிலிலேயே கொண்டு நிறுத்தும். சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருஞ்சாலை நான்கு வழிச்சாலையாக அகன்றபின், ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காஞ்சிக்குக் காலையில் வந்து மாலையில் மீள்வதே பெருவழக்காயிற்று.

நெசவுத் தொழிலும் இதனோடு மாறியது. மைசூர்ப் பகுதியிலிருந்து பட்டுநூலும் சூரத்திலிருந்து சரிகையும் வந்துசேரப் பாதைகள் துணையாயின. திருமணச் சேலைக்கெனக் காஞ்சி வருவார் தொகை வளர்ந்தது. தெய்வத்தைக் காண வந்தோர் சேலையும் வாங்கிய நிலை மாறி, சேலை வாங்க வந்தோர் தெய்வத்தையும் கண்டு செல்லும் நிலை பலரிடத்து உண்டாயிற்று. இதனால் ஊர் பிழைத்தது, இகழ்தற்குரியதன்று. ஆயினும் வாங்குவார் கடையைக் கண்டனரேயன்றித் தறியைக் கண்டிலர். பட்டுக்கடைகள் நிறைந்த காந்தி சாலையிலேயே, திருக்குறிப்புத்தொண்டரோடு தொடர்புடைய முத்தீசர் திருக்கோயில் உள்ளது. துணி வாங்கச் செல்லும் ஆயிரவருள், அடியார் துணியை வெளுத்த அப்பெருமானை நினைந்து உட்புகுவார் எத்துணையர்?

தலங்களின் நிலையும் அவ்வாறே. பேருந்து நிற்கும் பெருங்கோயில்கள் நிறைகின்றன. நெசவாளர் வாழும் பிள்ளையார்பாளையத்தில் உள்ள திருமேற்றளிக்கு வருவார் குறைவு. ஓணகாந்தன்றளியும் அனேகதங்காவதமும் அத்தகையனவே. நடந்து வந்தவர்க்கு இவை வழியில் எதிர்ப்பட்டன. வண்டியில் வருவார்க்கு வழிவிலகியன ஆயின.

ஊர்திகளின் ஆற்றலை முழுவதும் காட்டியது 2019-ஆம் ஆண்டு. வரதராசர் திருக்கோயிலின் திருக்குளத்திலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுந்தருளும் அத்திவரதர் விழா, சூலை 1 முதல் ஆகத்து 17 வரை நிகழ்ந்தது. வந்தோர் தொகை ஒரு கோடியை எட்டியது எனக் கணிக்கப்பட்டது. கால்நடைக் காலத்தில் இத்தொகை கனவிலும் கருதற்கரியது. பல மணி நேரம் நின்று சில நொடிகள் கண்டு மீண்டனர். நெரிசலில் உயிரிழந்தாரும் உளர். அந்நெருக்கடியிலும் காஞ்சி நகரத்தார் பலர் தம் வாயிலில் நீரும் மோரும் உணவும் வழங்கினர். ஆயிரம் ஆண்டுகளாக அவ்வூர் மண்ணில் ஊறிய அறம் அற்றுப்போகவில்லை என்பதற்கு அதுவே சான்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஊர்தி தன்னளவில் நன்றும் அன்று, தீதும் அன்று என்பது போதரும். முதியோரையும் எளியோரையும் நோயாளரையும் இறைவன் திருமுன் கொண்டு சேர்த்தது அதன் நலம். அடியார் கலப்பு என்னும் மறுபாகத்தை அது தானாகத் தராது. பண்டு வழியின் நெடுமையே அதனைத் தந்தது. இன்று மக்கள் தாமாக முயன்று கொள்ளல் வேண்டும்.

காஞ்சி செல்லும் அன்பர்கள் ஓரிரவேனும் அவ்வூரில் தங்குவாராக. ஐந்து தேவாரத் தலங்களையும் தெருவழியே நடந்து சென்று வழிபடுவாராக. திருமேற்றளிக்குச் செல்லுங்கால் தறியோசை கேட்கும் இல்லங்களில் நின்று, சேலை நெய்யும் கைகளையும் கண்டு வருவாராக. முத்தீசர் திருமுன் நின்று, வழிவந்த அடியாரின் கந்தையைச் சிவனது ஆடையெனக் கொண்ட நாயனாரை வணங்குவாராக. விரைந்து செல்லும் வண்டி மிச்சப்படுத்திய பொழுதை இவ்வாறு அடியார்க்குச் செலவிடின், பன்னிரண்டாஞ் சூத்திரத்தின் இருபாகமும் நிறைவெய்தும். யாத்திரையும் யாத்திரையாக நிலைபெறும்.

திருச்சிற்றம்பலம்.