ஜீரோ தித்தாலியா

ஜீரோ தித்தாலியா என்பது இத்தாலியில் ஆண்டுதோறும், பெரும்பாலும் மே மாதத்தில், 21 கட்டங்களாக மூன்று வாரகாலம் நடைபெறும் தொழில்முறைச் சைக்கிள் பந்தயமாகும். பிரான்ஸ், ஸ்பெயின் நாட்டுப் பந்தயங்களோடு இதுவும் மகா சுற்றுப்பந்தயங்கள் மூன்றனுள் ஒன்றாக எண்ணப்படுகிறது.

மிலான் நகரத்து விளையாட்டுப் பத்திரிகையான லா கஸெட்டா தெல்லோ ஸ்போர்ட், தன் விற்பனையைப் பெருக்கும் நோக்கத்தோடு 1909-இல் இதனை ஆரம்பித்தது. எட்டுக் கட்டங்களே கொண்ட அம்முதற் பந்தயத்தில் புறப்பட்ட 127 பேருள் 49 பேர் மட்டுமே முடிவை எட்ட, லூயிஜி கன்னா வெற்றி பெற்றார். ஆதியில் புள்ளிகளால் நிர்ணயிக்கப்பட்ட வெற்றி, 1914 முதல் எல்லாக் கட்டங்களுக்கும் ஆன மொத்த நேரத்தால் நிர்ணயிக்கப்படுகிறது. அந்நேரக் கணக்கில் முன்னிற்பவர் அணியும் இளஞ்சிவப்புச் சட்டை, அப்பத்திரிகை அச்சாகும் காகிதத்தின் நிறத்தையொட்டி 1931-இல் புகுத்தப்பட்டது.

பந்தயத்தின் போக்கைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை ஆல்ப்ஸ், டோலமைட் மலைக் கணவாய்களே. மே, ஜூன் மாதங்களிலும் பனி பொழியக்கூடிய அவ்வுயரங்களுள், 2,600 மீட்டருக்கு மேற்பட்ட காவியா கணவாயை 1988-இல் கடும் பனிப்பொழிவினூடே கடந்து முன்னணிக்கு வந்த அமெரிக்கரான ஆண்டி ஹாம்ஸ்டன், இறுதிவரை அந்நிலையைக் காத்துப் பட்டம் வென்றார்.

ஆல்ஃப்ரெதோ பிந்தா, ஃபவுஸ்தோ கோப்பி, எடி மெர்க்ஸ் ஆகிய மூவரும் ஐந்து முறை வென்றவர்கள். இவர்களுள் பிந்தா, போட்டியே சுவையற்றுப் போகுமளவு ஆதிக்கம் செலுத்தியமையால், 1930-இல் கலந்துகொள்ளாதிருப்பதற்கென்றே பணம் பெற்றார் என்பது விளையாட்டு வரலாற்றில் காண்டற்கரிய விசித்திரமாகும். ஆடவர்க்குரிய இப்பந்தயத்தில் 1924-இல் அல்ஃபோன்சினா ஸ்த்ராதா என்னும் பெண்மணியும் பங்கேற்றார்.